தண்ணீரில் வேர்விடும் புருக்மான்சியா: வீட்டுக்குள் குச்சி வைக்கச் சில குறிப்புகள்

ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் போனவர்கள் இந்தச் செடியைப் பார்க்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். வீட்டு வேலியோரத்திலும் ஓடைக்கரையிலும் ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்து, ஒரு சாணுக்கும் மேல் நீளமான பூக்களை வெள்ளையும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாகத் தொங்கவிட்டிருக்கும். பகலில் அவ்வளவாக மணக்காது. பொழுது சாய்ந்ததும் தெருமுனை வரை வாசம் வரும். நர்சரிகளில் ஏஞ்சல்ஸ் ட்ரம்பெட் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்; புத்தகப் பெயர் புருக்மான்சியா. ஊமத்தைக்கு நெருங்கிய சொந்தம். ஊமத்தம்பூ மேல்நோக்கி நிற்கும், இந்தப் பூ தரையைப் பார்த்துத் தொங்கும்.

இதன் பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைச்சரிவுகளும் பிரேசிலின் தென்கிழக்குப் பகுதியும். ஆனால் அங்கே இயற்கையாக முளைத்த புருக்மான்சியாவைத் தேடினாலும் கிடைக்காது. இந்தப் பேரினத்தின் ஏழு இனங்களையும் ‘காட்டில் அற்றுப்போனவை’ என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தன் சிவப்புப் பட்டியலில் வைத்திருக்கிறது. இன்று உலகில் நிற்கும் செடிகள் எல்லாம் மனிதர்கள் கிளையை ஒடித்து நட்டவை, அல்லது அப்படி நட்டவற்றின் வழிவந்தவை. கொலம்பியாவின் சிபுந்தோய் பள்ளத்தாக்கில் கம்சா, இங்கா மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குச்சி நட்டே இதன் பல வகைகளைக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். ஆகவே கவாத்து செய்த கிளையைக் குப்பையில் போடுமுன் இரண்டு துண்டையாவது தண்ணீரில் போட்டு வையுங்கள்.

முருங்கைப் போத்து போல நேரே மண்ணில் ஊன்றினாலும் இது பிழைக்கும். ஆனாலும் வீட்டுக்குள் வைப்பதற்குத் தண்ணீர்தான் என் முதல் தேர்வு. உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரிகிறது, அழுகல் தொடங்கினாலும் அன்றைக்கே தெரிந்துவிடுகிறது.

1. முதலில் விஷத்தைப் பற்றி. இலை, பூ, விதை, தண்டு, வேர், சாறு எல்லாமே நஞ்சு. அட்ரோபின், ஹயோசயமின், ஸ்கோபோலமின் என்ற மூன்று வேதிப்பொருள்கள் இதில் உள்ளன. கண் மருத்துவர்கள் பாப்பாவை விரியச் செய்ய விடும் சொட்டு மருந்துகளில் அட்ரோபினும் ஒன்று. அதனால் இந்தச் செடியை வெட்டிய கையோடு கண்ணைக் கசக்கினால் அந்தக் கண்ணின் பாப்பா மட்டும் விரிந்து பார்வை மங்கும். செடியைத் தொட்டதைச் சொல்லாவிட்டால் மூளையில் ஏதோ கோளாறு என்று மருத்துவரே சந்தேகப்பட இடமுண்டு. கையுறை போட்டுக்கொண்டு வெட்டுங்கள். வேலை முடிந்ததும் கையையும் கத்தரியையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

2. தவழும் குழந்தையோ, எதையும் கடித்துப் பார்க்கும் நாய்க்குட்டியோ இருக்கிற வீட்டில் இந்த வேலையை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். உயரமான அலமாரியில் வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். இலை பழுத்துக் கீழே விழும், பூனை பாட்டிலைத் தட்டிவிடும். பிள்ளை கொஞ்சம் வளரட்டும், செடி எங்கேயும் போய்விடாது.

3. குடிக்கிற டம்ளர், தண்ணீர் பாட்டில், சமையல் பாத்திரம் எதையும் இதற்கு எடுக்காதீர்கள். குச்சி ஊறிய தண்ணீரும் நஞ்சுதான். பார்வைக்கு அது நல்ல தண்ணீர் மாதிரியே இருக்கும். பழைய ஊறுகாய் பாட்டிலோ ஜாம் பாட்டிலோ எடுத்து, ‘விஷம், தொடாதே’ என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். வீட்டு வேலைக்கு வருபவரிடமும் வாயால் சொல்லிவிடுங்கள். அதன் பிறகு அந்த பாட்டில் சமையலறைக்குத் திரும்பவே கூடாது.

4. எந்தக் கிளையில் எடுப்பது? இந்தச் செடியில் இதைத் தெரிந்துகொள்வதுதான் பாதி வேலை. விதையிலிருந்தோ அடித்தண்டிலிருந்தோ வரும் புருக்மான்சியா முதலில் ஒற்றைக் கம்பாக நேரே மேலே போகும். பெரும்பாலும் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரம் வந்ததும் கவட்டையாக இரண்டாகப் பிரியும். கவட்டைக்கு மேலேதான் பூ வரும். மேல்கிளையிலிருந்து எடுத்த குச்சி, தான் பூக்கும் பருவத்துக்கு வந்துவிட்டதை மறப்பதில்லை. குட்டையாக இருக்கும்போதே மொட்டு விடும். கீழ்த்தண்டிலிருந்து எடுத்ததோ மறுபடி நெட்டையாக வளர்ந்து, கவட்டை விட்டு, அப்புறம்தான் பூக்கும். மாடியில் தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு மேல்கிளைக் குச்சி. நடுவில் மரம்போலத் தண்டு எழுந்து குடையாக விரியவேண்டும் என்று தோட்டத்தில் நடுபவர்களுக்குக் கீழ்த்தண்டுக் குச்சி.

5. வெட்டிக் கிடக்கிற கிளை மேலா, கீழா என்று எப்படித் தெரியும்? இலை இருந்தால் அதன் அடியைப் பாருங்கள். கவட்டைக்குக் கீழே வளரும் இலையில் இரண்டு பாதியும் காம்பில் ஒரே இடத்தில் வந்து சேரும். கவட்டைக்கு மேலே வளர்ந்த இலையில் ஒரு பக்கம் சற்று மேலேயும் மறுபக்கம் சற்றுக் கீழேயுமாக, கோணலாகச் சேரும். ஒருமுறை பார்த்துப் பழகினால் பிறகு எந்தச் செடியிலும் சட்டென்று கண்ணில் படும். நர்சரியில் பூ இல்லாத நாற்றை வாங்கும்போதும் இதே அடையாளம் உதவும்.

6. குச்சியின் பருமன் பென்சில் அளவிலிருந்து பெருவிரல் அளவு வரை இருக்கலாம். நீளம் 15 முதல் 25 சென்டிமீட்டர், மூன்று நான்கு கணுவாவது வேண்டும். தோல் பச்சை மாறிச் சாம்பல் பூக்கத் தொடங்கிய கிளை உத்தமம். நுனியில் உள்ள இளம்பச்சைத் தண்டிலும் வேர் வரும், சீக்கிரமாகவே வரும். ஆனால் அதே வேகத்தில் அழுகவும் செய்யும். நான் முற்றிய குச்சியைத்தான் சொல்வேன்.

7. தாய்ச்செடியைச் சந்தேகக் கண்ணோடு பாருங்கள். இலையில் வெளிர்மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்திருந்தாலோ, இலை சுருண்டு கோணியிருந்தாலோ வைரஸாக இருக்கலாம். குச்சி வழியாக அது அடுத்த செடிக்கு அப்படியே போகும், எந்த மருந்தாலும் போகாது. தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை, புகையிலை எல்லாம் இதே குடும்பம் என்பதால் நோயும் பொதுவாகிவிடுகிறது. பீடி, சிகரெட், பொடி தொட்ட கையை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் வெட்டவேண்டும். புகையிலைத் தேமல் வைரஸ் காய்ந்த புகையிலையிலும் உயிரோடு இருக்கும்.

8. கூரான கத்தரி. கத்தி மொக்கையானால் தண்டு நசுங்கும், நசுங்கிய இடத்தில்தான் அழுகல் பிடிக்கும். ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் நடுவில் கத்தரியைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள்.

9. அடியைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டுவது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இலையில்லாத குச்சியில் தலை எது கால் எது என்று பிறகு குழம்பவேண்டாம். தலைகீழாக வைத்தால் உருப்படாது. முன்பே கலந்துபோயிருந்தால் இலை உதிர்ந்த வடுவைத் தேடுங்கள். மொட்டு எப்போதும் வடுவுக்கு மேலேதான் இருக்கும். அடிவெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே விழட்டும்.

10. நுனிவெட்டில் உள்ளே வெள்ளை நெட்டி தெரியும். அதன் வழியாக ஈரம் போய்த் தண்டு மேலிருந்து காயும். மெழுகுவத்தியை ஏற்றி இரண்டு சொட்டு விட்டு அடைத்துவிடுங்கள். அடிவெட்டில் மெழுகு படக்கூடாது.

11. இலை விஷயத்தில் மனதைக் கல்லாக்கிக்கொள்ளத்தான் வேண்டும். பெரிய பெரிய இலைகளோடு பாட்டிலில் வைத்தால் பார்க்க அழகுதான். ஆனால் வேரில்லாத தண்டு அத்தனை இலைக்கும் எங்கிருந்து தண்ணீர் ஏற்றும்? நுனியில் ஒன்றிரண்டு சிறிய இலை போதும். அதுவும் உள்ளங்கையைவிடப் பெரிதென்றால் பாதியாக நறுக்கிவிடுங்கள். மொட்டு இருந்தால் கிள்ளிவிடுங்கள். இலையே இல்லாத மொட்டைக் குச்சிக்கும் வேர் வரும்.

12. தண்ணீர் ஐந்து சென்டிமீட்டர் ஆழம் போதும், ஒன்றிரண்டு கணு மூழ்கினால் சரி. கழுத்து வரை நிரப்பினால் அத்தனை நீளமும் அழுக வாய்ப்பாகும். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை இருந்தால் முதல்நாளே பிடித்துத் திறந்து வையுங்கள். ஃபிரிட்ஜ் தண்ணீர் வேண்டாம், அறையின் சூட்டில் இருக்கட்டும்.

13. இரண்டு நாளைக்கு ஒருமுறை, தப்பினால் மூன்றாம் நாள், தண்ணீரை மாற்றியே ஆகவேண்டும். வேர் வருவதற்குக் காற்று வேண்டும். தேங்கிய தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று குறைந்துகொண்டே போகும். மாற்றும்போது பாட்டிலின் உள்சுவரில் விரலை ஓட்டிப் பாருங்கள். வழுவழுப்பு இருந்தால் நன்றாகத் தேய்த்துக் கழுவவேண்டும். குச்சியின் அடியையும் ஓடும் தண்ணீரில் அலசுங்கள். கொட்டும் தண்ணீர் நாய், கோழி குடிக்கிற இடத்தில் தேங்கக்கூடாது.

14. மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு இதற்கு நல்ல துணை. 3 சதவீதக் கரைசல் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன், 6 சதவீதம் என்றால் அரை டீஸ்பூன். நம் ஊர்க் கடைகளில் 6 சதவீதம்தான் அதிகம் கிடைக்கும், லேபிளைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி உண்டு. பழைய காற்றுப் பம்ப்பின் குழாயைப் பாட்டிலுக்குள் விட்டுக் குமிழி வரச் செய்தால் குச்சி அழுகுவது வெகுவாகக் குறையும். குச்சி வைக்கிற பாட்டில் தனியாக இருக்கட்டும், மீன் இருக்கும் தொட்டியில் வேண்டவே வேண்டாம்.

15. சர்க்கரை, தேன், ஆஸ்பிரின், உரத்தண்ணீர் எதையும் கலக்காதீர்கள். சர்க்கரையும் தேனும் வளர்ப்பது வேரை அல்ல, கிருமியை. வேர்விடும் ஹார்மோன் பொடி மண்ணில் நடும் குச்சிக்கானது. தண்ணீரில் அது கரைந்து போய்விடும், காசுக்குக் கேடு.

16. வெளிச்சம் வேண்டும், நேர்வெயில் கூடாது. வெயில் பட்டால் தண்ணீர் சூடேறும், பாசியும் பிடிக்கும். கிழக்குப் பார்த்த ஜன்னலில் திரைக்குப் பின்னால் வைக்கலாம். கண்ணாடி பாட்டிலைச் சுற்றிப் பழுப்புக் காகிதம் சுற்றிவிட்டால் பாசி வராது. பார்க்க வேண்டும்போது கழற்றிக்கொள்ளலாம்.

17. சூடு 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் இருந்தால் குச்சி சுகமாக இருக்கும். ஊட்டியில் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை உறைபனி கொட்டும் இரவுகள் வரும். வெளியே நிற்கும் செடியின் இலையெல்லாம் ஒரே இரவில் கருகித் தொங்கும். அடியிலிருந்து மறுபடி துளிர்க்குமே தவிர மேல்கிளை போய்விடும். பூக்கும் கிளை வேண்டுமென்றால் பனிக்கு முன்னால், அக்டோபரிலேயே குச்சி எடுத்து வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். இரவில் ஜன்னலோரக் குளிரில் விடாமல் அறையின் உள்பக்கம் நகர்த்துங்கள். மார்ச்சில் நாற்றாக வெளியே போகலாம். சமவெளியில் நிலைமை நேர் எதிர். சென்னை, மதுரை வெயிலில் புருக்மான்சியா திணறும். ஏப்ரல், மே மாதங்களில் பாட்டில் தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருக்கும், குச்சி தாங்காது. அங்கே மார்கழி, தை மாதங்களில் முயலுங்கள். வளர்ந்த பிறகும் மதிய நிழல் இல்லாமல் நிற்காது.

18. ஒரு வாரம், பத்து நாள் போனதும் நீருக்குள் இருக்கும் தோலில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். முதலில் கடுகளவுகூட இருக்காது. பிறகு தோலைக் கிழித்துக்கொண்டு பருப்பருவாகப் புடைக்கும். பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று பயந்து தூக்கிப் போடுபவர்கள் பலர். விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். பூஞ்சணம் என்றால் பஞ்சுபோல வழித்துக்கொண்டு வரும். தோலோடு கெட்டியாக ஒட்டி, சொரசொரவென்று இருந்தால் அது நல்ல சேதி. அந்தப் புடைப்புகளை ஒட்டித்தான் சில நாளில் வெள்ளை வேர்முனை எட்டிப் பார்க்கும். தடவியதும் கையைக் கழுவிவிடுங்கள்.

19. வேருக்கு முன்னால் துளிர் வரும். மேலே பச்சைப் பசேலென்று இரண்டு இலை விரிந்ததும் செடி பிடித்துவிட்டது என்று மண்ணுக்கு மாற்றத் தோன்றும். அந்தத் துளிர் தண்டில் சேர்த்து வைத்த இருப்பைத் தின்று வருவது. கீழே வேர் இல்லாமல் அது எத்தனை நாள் நிற்கும்? துளிர் நாலைந்துக்கு மேல் கிளம்பினால் இரண்டை மட்டும் விட்டு மீதியைக் கிள்ளுங்கள். பார்க்கவேண்டியது பாட்டிலின் அடியை மட்டும்தான்.

20. அடி பழுப்பேறி, அமுக்கினால் கொழகொழவென்று இருந்து, தண்ணீர் நாறினால் அது அழுகல். குச்சியை எடுத்து, அழுகலுக்கு மேலே இரண்டு விரல்கடை தள்ளி வெட்டுங்கள். நெட்டி பழுப்பாகத் தெரிகிறவரை இன்னும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே போங்கள். சுத்த வெள்ளை வந்ததும் நிறுத்தி, நிழலில் சில மணி நேரம் ஆறவிட்டு, புதுத் தண்ணீரில், கழுவிய பாட்டிலில் வையுங்கள். இந்த ஆபத்துக்காகத்தான் ஒரு பாட்டிலுக்கு ஒரு குச்சி என்று சொல்வது. ஒன்று அழுகினால் பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும். வைரஸும் ஒரே தண்ணீரில் பரவும்.

21. வேர் முளைத்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீண்டதும் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள். பெரும்பாலும் மூன்று நான்கு வாரத்தில் அந்த நிலை வரும், குளிர்காலத்தில் கூடுதலாகும். பாட்டில் நிறைய வேர் சுற்றட்டும் என்று காத்திருப்பது தவறு. தண்ணீரில் வளர்ந்த வேர் கண்ணாடி போல ஒடியும், நீளம் கூடக்கூட மண்ணுக்குப் பழகுவதும் கடினம்.

22. மண் கலவை லேசாக இருக்கவேண்டும். ஊறவைத்துப் பிழிந்த தென்னைநார்க் கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பெர்லைட்டோ ஆற்றுமணலோ ஒரு பங்கு. அடியில் ஓட்டை உள்ள ஆறு அங்குலத் தொட்டி போதும். தொட்டியைப் பாதி நிரப்பி, ஒரு கையால் குச்சியை நடுவில் பிடித்துக்கொண்டு, மறுகையால் கலவையைச் சுற்றிலும் தூவுங்கள். விரலால் அமுக்கவே கூடாது. தண்ணீர் ஊற்றினால் மண் தானே வேர் இடுக்கில் போய் உட்காரும்.

23. முதல் பத்து நாள்தான் கண்டம். அதுவரை தண்ணீரிலேயே கிடந்த வேருக்கு மண்ணின் ஈரம் பற்றாது. தொட்டியை நிழலில் வைத்து, குச்சிகள் ஊன்றி மேலே ஒரு பாலிதீன் பையைக் கவிழ்த்துவிடுங்கள். தினம் ஒருமுறை பையை எடுத்துக் காற்றாட விடுங்கள். மண் காயக்கூடாது, சேறாகவும் நிற்கக்கூடாது. இலை துவண்டால் பதறி மேலும் மேலும் தண்ணீர் ஊற்றவேண்டாம்; ஒரு இலையைக் கிள்ளிப் பாரத்தைக் குறையுங்கள். புது இலை விரிந்ததும் பையைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குங்கள்.

24. பிடித்துவிட்டால் அப்புறம் இது பெருந்தீனிக்காரச் செடி. ஒரு மாதம் கழித்து உரம் தொடங்கி, வளரும் காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது கொடுங்கள். வெயில் நாளில் பெரிய தொட்டிச் செடி காலையில் ஊற்றிய தண்ணீரை மாலைக்குள் குடித்துவிட்டு இலையைத் தொங்கப்போடும். இலையின் அடிப்பக்கத்தை வாரம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். செஞ்சிலந்தியும் வெள்ளை ஈயும் இதற்கு ஓயாத விருந்தாளிகள். தொடக்கத்திலேயே தண்ணீரைப் பீய்ச்சியடித்தால் அடங்கும், வேப்பெண்ணெய்க் கரைசலும் கேட்கும். பூக்கும் தொட்டியைப் படுக்கையறைக்குள் வைக்கவேண்டாம். மூடிய அறையில் அந்த வாசம் சிலருக்குத் தலைவலியைக் கொண்டுவரும்.

25. வெட்டிய மீதி இலை, கிளைகளை ஆடு மாடு எட்டாத இடத்தில் குழி தோண்டிப் புதையுங்கள். எரிக்காதீர்கள், புகையும் ஆகாது. ஓடையில் வீசவும் கூடாது. ஈரக்கரையில் ஒதுங்கும் ஒரு துண்டு அங்கேயே வேர்பிடித்துச் சோலைச் செடிகளுக்கான இடத்தை அடைத்துக்கொள்ளும்.

26. யாராவது தெரியாமல் தின்றுவிட்டால் வாய் வறளும், பாப்பா விரியும், முகம் சிவக்கும், உடம்பு கொதிக்கும், நெஞ்சு படபடக்கும், சம்பந்தமில்லாமல் பேசுவார்கள், இல்லாததைப் பார்ப்பார்கள். வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள், மோர், புளித்தண்ணீர் என்று கைவைத்தியம் செய்து நேரத்தைக் கழிக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். தின்ற செடியின் ஒரு கிளையை உறையில் போட்டுக் கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

27. வேர் விட்ட நாற்று மிஞ்சினால் கேட்பவர்களுக்குத் தாராளமாகக் கொடுங்கள். கொடுக்கும்போது பூவின் நிறத்தையும், மேல்கிளையா கீழ்த்தண்டா என்பதையும், ‘முழுச்செடியும் விஷம்’ என்பதையும் ஒரு அட்டையில் எழுதித் தொட்டியில் குத்திவிடுங்கள். அவர்கள் வீட்டில் சின்னப் பிள்ளை உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.